சாவி தீரும் வரை

நாதஸ்வரத்தின் இரண்டு இழுப்புகளுக்கு நடுவே கிராமபோன் ஒருமுறை இருமியது.

அப்துல் சலாம் ஊசியைத் தூக்கினார். பிளேட் ஓசையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பாலக்கரையில் எட்டு வருஷமாக இந்த மெஷின்களைப் பிரித்து மாட்டுகிறவர் அவர். கரகரப்பு கேட்டிருக்கிறார், கீச்சொலி கேட்டிருக்கிறார். இருமலைக் கேட்டதில்லை.

பின்னால் கட்டிலில் ரஷீதாவும் இருமினாள். ஆறு வயது மகள். நாலு நாளாக நெஞ்சுச் சளி. அவளை விட்டு நகர மனமில்லாமல்தான் கடையை மூடிவிட்டு வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ஐப்பசி மழை ஓட்டின் மேல் ஒரே சீராகக் கொட்டியது. மதியம் மூன்று மணிக்கே அறை இருண்டு, கற்பூரத் தைல வாடையும் காயாத துணியின் வாடையும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

"பிள்ளைக்குத்தான் சளின்னா, உங்க பொட்டிக்குமா?" அடுப்படியிலிருந்து மனைவி கமருன்னிசா கேட்டாள். "அதுக்கும் ரெண்டு சொட்டு தைலம் விடவா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

காலையில் முசிறி வாழைக்காய் வியாபாரி மருதை கொண்டுவந்த மெஷின் அது. "சத்தம் அமுங்கிக் கேக்குது பாய். எல்லாத்தையும் பாருங்க, சத்தம் வர்ற குழலை மட்டும் கழட்ட வேணாம். எனக்கு வித்த அம்மா சொல்லிச்சு."

"ஏன்னு கேக்கலையா?"

"அது அழுதுக்கிட்டு நின்னுச்சு. எப்படிக் கேக்கறது?"

சலாமின் முறை ஒன்றுதான். ஒன்றை மாற்றுவார், போட்டுக் கேட்பார், பிறகுதான் அடுத்தது.

புது ஊசி போட்டார். நாதஸ்வரம் கொஞ்சம் தெளிந்தது. அதன் அடியிலிருந்த இருமலும் தெளிந்தது. கட்டிலில் இருமல் குறைந்தது.

ஊசி மாட்டும் சவுண்டு பாக்ஸைப் பிரித்து, கல்லாக இறுகிப்போன ரப்பர் வளையங்களை மாற்றினார். மைக்காத் தகட்டில் மயிரிழை விரிசல், அதையும் மாற்றினார். இப்போது நாதஸ்வரத்துக்குப் பின்னால் மூச்சு கேட்டது. சளி அடைத்த ஒரு சின்ன நெஞ்சு இழுத்து இழுத்து வாங்கும் மூச்சு.

கமருன்னிசா வந்து மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அல்ஹம்துலில்லாஹ். இருமல் நின்னுருச்சுங்க. நல்லாத் தூங்குறா. கசாயம் வச்சுட்டு வரேன்."

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

வேறு பிளேட் போட்டார். வெறும் ஆர்மோனியம். அதே மூச்சு.

மிச்சம் குழல்தான். எந்த வேலையையும் பாதியில் விட்டுப் பழகாத கை, அவர் யோசிப்பதற்குள் திருகாணியைக் கழற்றிவிட்டது. குழலின் கழுத்தில் ஏதோ அடைத்திருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தார். துணி. விரித்துப் பார்த்தார். ஒரு குழந்தையின் சட்டை. நெஞ்சுப் பக்கம் தைலக் கறை.

குழலை மாட்டி ஊசியை வைத்தார்.

ஆர்மோனியம் இல்லை.

"அத்தா."

குழலிலிருந்து. காதருகே கூப்பிடுவது போல, அவ்வளவு சுத்தமாக. ரஷீதாவின் குரல்.

திரும்பினார். அவள் விழித்திருந்தாள். அவரையே பார்த்தாள். உதடுகள் அசைந்தன. வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

"அத்தா, மூச்சு முட்டுது," என்றது குழல்.

ஊசியைத் தூக்கினார். குழல் அடங்கியது. அவள் நெஞ்சும் அடங்கியது.

ஊசியை இறக்கினார். மூச்சு.

சட்டையைத் திரும்பக் குழலில் திணித்தார். அவள் கண்கள் பிதுங்கின. பிடுங்கி எறிந்தார். மூச்சு.

அப்போது பிளேட்டின் வேகம் குறைந்தது. கொடுத்திருந்த சாவி தீர்ந்துகொண்டிருந்தது. குழலில் "அ... த்... தா..." என்று குரல் கனத்து, தடித்து, யாரோ கிழவனுடையது போல் ஆயிற்று. அவள் நெஞ்சு மெல்ல ஏறியது. இன்னும் மெல்ல இறங்கியது.

சாவியைப் பிடித்துச் சுற்றினார். சுற்றினார். குரல் மெலிந்து மகளின் குரலானது. கை நிற்கக் கூடாது. நின்றால்...

"ஏங்க, பிள்ளை தூங்குறப்ப எதுக்கு இந்தச் சத்தம்?"

கமருன்னிசா கசாயத்தோடு வந்தாள். கட்டிலுக்கு முதுகு காட்டி நின்று, மெஷினை நோக்கிக் கை நீட்டினாள்.

'தொடாதே!' சலாம் தொண்டை கிழியக் கத்தினார்.

வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

குழலுக்குள், மகளின் இருமலுக்குப் பக்கத்தில், ஓர் ஆண் குரல் அலறியது: "தொடாதே!"

கமருன்னிசா முகம் சுளித்து, ஊசியைத் தூக்கினாள்.