வாரத்துக்குப் பதினொரு நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே கால் ஜெனிட்டாவின் முறை. ஒன்பது வயதுச் சிறுமி உள்ளே வந்து பகவதியின் எதிரே உட்கார்ந்ததும், சுவரில் எண்கள் பதினொன்றிலிருந்து இறங்கத் தொடங்கும்.

கடல் ஏறிய பிறகு தூண்களின் மேல் எழுப்பப்பட்ட அந்த நகரத்தில் பாடம் நடத்துவது கற்பொறி. எழுத்து, கணக்கு, அறிவியல் எல்லாவற்றையும் அதுவே சொல்லிக்கொடுக்கும். சலிக்காது, கோபப்படாது. இருநூறு பிள்ளைகளுக்கு ஒரு மனித ஆசிரியர்தான் இருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் வாரத்தில் பதினொரு நிமிடமாவது ஒரு மனிதரோடு உட்கார வேண்டும் என்று சட்டம் சொன்னது. அதற்கு ஆள்நிமிடம் என்று பெயர். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை ஆசிரியரிடமே விட்டிருந்தார்கள்.

பகவதி வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் பள்ளியில் படித்தபோது இருந்த ஆசிரியை, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டே ஆள்நிமிடத்தைக் கழித்துவிடுவார். இனிமையானவர். ஆனால் பின்னக்கணக்கு புரியாமல் பகவதி ஒரே வகுப்பில் இரண்டு வருடம் உட்கார நேர்ந்ததை அவர் கவனிக்கவே இல்லை. அந்த அவமானத்தை அவள் மறக்கவில்லை. பிள்ளையின் நேரத்தில் ஒரு நொடியும் வீணாகக் கூடாது, நன்றாகச் சொல்லிக்கொடுப்பதுதான் அன்பு என்று அவள் முழுமனதாக நம்பினாள். கற்பொறி எந்த இடத்தில் பிள்ளையைத் தடுமாற விட்டதோ அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, பதினொரு நிமிடத்துக்கும் பாடம் தயாரித்துக்கொண்டு வருவாள்.

அது பலித்தது. அவள் பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று அளக்கும் பயன்குறி மாவட்டத்திலேயே முதலிடத்துக்கு ஏறியது.

"ரெண்டு மாசத்துல யாரும் இப்படிச் செஞ்சதில்ல டீச்சர்" என்றார் தலைமையாசிரியர் ஆசீர்வாதம். "அந்த ஜெனிட்டா புள்ளையப் பாருங்க. கடைசியில கெடந்தவ, இப்ப மூணாவது."

அன்று இரவு பகவதி நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வியாழக்கிழமை ஜெனிட்டா வகுப்பில் மயங்கி விழுந்தாள். நாடி பார்த்த செவிலி, "இந்தப் புள்ள ரெண்டு நாளாச் சாப்பிடலயே" என்றாள். வீட்டுக்குப் போனவர்கள் அங்கே யாரும் இல்லாததைக் கண்டார்கள்.

ஜெனிட்டாவின் அம்மா பிலோமினா ஆழ்கடல் பாசிப்பண்ணையில் கூலிக்குப் போகிறவள். பழைய ஊர் மூழ்கியபோது அவளுடைய அடையாள அட்டையும் போய்விட்டது. வேறொருத்தியின் அட்டையைக் காட்டித்தான் வேலை பார்த்தாள். பத்தொன்பது நாட்களுக்கு முன் படகிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டாள். தீவு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அட்டையில் இருந்த பெயருக்குப் பிள்ளை கிடையாது; அதனால் ஜெனிட்டாவுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. நினைவு தெளியாமலே கிடந்து பதினோராம் நாள் இறந்துபோனாள். வீட்டுத்துணைப் பொறி தினமும் ஜெனிட்டாவை எழுப்பியது, இருந்த மாவு தீரும்வரை சமைத்துப் போட்டது, பள்ளிப் படகில் ஏற்றிவிட்டது. அம்மா எங்கே என்று அவள் கேட்டபோதெல்லாம், வேலை முடிந்ததும் வருவார் என்றது.

"பக்கத்து வீட்டுல சொல்லியிருக்கலாமே, கண்ணு?" என்று செவிலி கேட்டாள்.

"அட்ட விஷயம் யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. ஏதாச்சும் ஒண்ணுன்னா டீச்சர்ட்ட மட்டும் சொல்லுன்னாங்க."

வாசலில் நின்றிருந்த பகவதி இதைக் கேட்டாள். ஆள்நிமிட அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெனிட்டாவின் ஆள்நிமிடப் பதிவுகளைத் திறந்தாள்.

பிலோமினா விழுந்த பிறகு வந்த முதல் செவ்வாய்.

"டீச்சர், எங்கம்மா..."

"அத அப்புறம் பேசுவோம்மா. இப்ப இதப் பாரு, அஞ்சுல மூணு பங்கு."

இரண்டாவது செவ்வாய். பத்தாம் நாள். பிலோமினா அப்போது உயிரோடு இருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லட்டா?"

"கணக்கு முடியட்டும், நேரமிருந்தா சொல்லு. என்ன?"

நேரம் இருக்கவில்லை. கடைசி நொடிவரை பாடம் இருந்தது. மிக நல்ல பாடம். பகவதிக்கே அது தெரிந்தது.

மூன்றாவது செவ்வாயில் அந்தக் குழந்தை எதையும் சொல்ல முயலவில்லை. எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து, ஜெனிட்டாவைச் சேர்த்திருந்த காப்பகத்துக்குப் பகவதி விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். அங்கே சுவரில் எண்கள் இல்லை. முழு நாளும் இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று படகில் வரும் வழியெல்லாம் சொற்களைத் தேடியிருந்தாள்.

ஜெனிட்டா அவளைக் கண்டதும் ஓடிப்போய்ப் பலகையை எடுத்து வந்தாள். எதிரே நிமிர்ந்து உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். ஐந்தில் மூன்று, ஏழில் இரண்டு, கூட்டினால் முப்பத்தைந்தில் முப்பத்தொன்று. எழுதி முடித்துவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

"சரியா டீச்சர்?"

"சரிதாம்மா." பகவதி பலகையை மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள். "இன்னிக்குக் கணக்கு வேண்டாம். நீ பேசு. நான் கேக்கேன்."

குழந்தை கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எந்தப் பாடம் டீச்சர்?" என்றாள்.