உள்ளங்கைப் பூச்சு

இரும்புத் தூணைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். உள்ளே வெறும் குழாய்தானே. இன்றைக்கு நார்மன் தட்டியபோது, அரிசி மூட்டையைத் தட்டியது போல் தொப்பென்று அடங்கிவிட்டது.

தண்ணீருக்குள் காது ஏமாற்றும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான். புனேவுக்கும் கடலுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. ஆனாலும் புனே பக்கத்துத் தளேகாவில் அவன் வேலை பார்த்த கம்பெனி, தகரக் கொட்டகைக்குள் மூன்று ஆள் ஆழத்துக்குத் தொட்டி கட்டி, மூட்டை மூட்டையாக உப்பைக் கரைத்து, சொந்தமாக ஒரு கடலையே வைத்திருந்தது. துறைமுகத் தூண்கள் துருப்பிடிக்காமல் இருக்க, தண்ணீருக்குள்ளேயே பூசும் பசையை அங்கேதான் சோதிப்பார்கள். இந்தத் தூண், கொங்கண் கரையில் இடித்துப்போட்ட ஒரு பழைய படகுத்துறையிலிருந்து வெட்டிக் கொண்டுவந்தது. வரும்போதே இரண்டு முனையிலும் தகடு வைத்து மூடியிருந்தது. உள்ளே என்ன என்று யாரும் திறந்து பார்க்கவில்லை.

இறங்குவதற்கு முன் சகலை தங்கராஜ், அவன் நெஞ்சுப் பட்டையில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பார்த்தான்.

"மாஸ்க் போன் இன்னிக்கும் மக்கர் பண்ணுது, சகலை. கயிறுதான் பேசணும். ஒரு இழுப்புன்னா நல்லா இருக்கேன், ரெண்டுன்னா கயிறு விடு, நாலுன்னா தூக்கு."

"நீ சாய் குடிக்கப் போயிடாதய்யா, அது போதும்."

"போவேனா? சாயங்காலம் வீட்ல ஜெபம்னு உன் வீட்டுக்காரி பிலிஸ் சொல்லியிருக்கா. உன்னை நேரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தலன்னா அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து என்னை உரிச்சிடுவாங்க."

அந்தச் சிரிப்பு மேலேயே நின்றுவிட்டது. கீழே, தகரக் கூரையில் விழும் மழை மட்டும் தூரத்து இரைச்சலாகக் கேட்டது. மாஸ்க்குக்குள் ரப்பர் வாசனை. முதுகில் இருந்த சிலிண்டரின் காற்று ஒவ்வொரு மூச்சுக்கும் கரகரத்தது. மஞ்சள் பசையும் நீலப் பசையும் கலந்து பச்சையாகும்வரை மேலே பிசைந்து அனுப்பிய உருண்டைகளைக் கூடையிலிருந்து எடுத்து, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் தூணின் மேல் வைத்து அழுத்தி, அடியில் இருக்கும் தண்ணீரை ஓரமாகத் தள்ளித் தள்ளி, உள்ளங்கையால் மெழுகிக்கொண்டே போனான். இந்த வேலையில் தூரிகைக்கு இடமில்லை. கைதான் எல்லாம். கடைசியில் கையின் தடம் ஒன்றுகூடத் தெரியக் கூடாது.

தூணை ஒரு சுற்று சுற்றி வந்தபோது ஒரு தடம் தெரிந்தது.

தன் கைதான் என்று நினைத்து மெழுகிவிட்டான். அடுத்த சுற்றில் அது அதே இடத்தில் இருந்தது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தான். வெளியிலிருந்து அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். இது புடைத்திருந்தது. ஐந்து விரலும் விரிந்து, உள்ளேயிருந்து யாரோ தள்ளியது போல.

மாஸ்க்குக்குள் நாள்பட்ட மீனின் வாடை அடித்தது. மேலே போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் கைப்பழக்கம் விடவில்லை. புடைப்பு என்றால் பூச்சுக்கு அடியில் தண்ணீர் மாட்டியிருக்கிறது. அழுத்தி வெளியேற்றாவிட்டால் அங்கேதான் துரு பிடிக்கும். அதற்கு வெறுங்கைதான் சரி. கம்பெனி கூடாது என்று சொல்லும். பூசுகிறவர்கள் எல்லோரும் செய்வார்கள். ஈரக் கையில் இந்தப் பசை ஒட்டாது என்ற தைரியம்.

வலது கையுறையைக் கழற்றினான். புடைத்திருந்த கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினான்.

அது திருப்பி அழுத்தியது.

அவன் கையை இழுப்பதற்குள், பச்சை விரல்கள் அவன் விரல் இடுக்குகளில் நுழைந்து மடங்கின. சில்லென்று இருந்தன. இழுத்தான். காலைத் தூணில் ஊன்றி இழுத்தான். தோள்பட்டை சொடுக்கியது. கை வரவில்லை. கத்தினான், கத்தல் மாஸ்க்குக்குள்ளேயே சுற்றியது.

கயிறு. கயிறு இருக்கிறதே!

இடது கையால் நான்கு முறை இழுத்தான். கயிறு லேசாக வந்தது. மேலும் வந்தது. தளர்ந்து, சுருள் சுருளாக அவன் மேல் விழுந்தது. எதையும் இழுத்த மாதிரியே இல்லை.

அண்ணாந்து பார்த்தான்.

தூணை ஒட்டி மேலே போன கயிற்றை, அவன் தலைக்கு மேலே, இன்னொரு கை பிடித்திருந்தது. பூச்சிலிருந்து முழங்கைவரை வெளியே வந்த பச்சைக் கை. அது இரண்டு முறை இழுத்தது.

மேலே தங்கராஜ் இன்னும் கயிறு விட்டான்.

"தங்கராஜ்!"

மழைச் சத்தம். மூச்சின் கரகரப்பு. முன்பைவிட வேகமாக.

மேலேயிருந்து ஒரு இழுப்பு வந்தது. நல்லா இருக்கியா?

அந்தக் கை, அவசரப்படாமல், ஒரு முறை இழுத்துப் பதில் சொன்னது. தொட்டியின் விளிம்பில் தெரிந்த தங்கராஜின் நிழல் நகர்ந்துபோய் உட்கார்ந்தது.

சிலிண்டரில் காற்று குறைந்து, மூச்சு இழுப்பது கடினமாகத் தொடங்கியது.

அவன் மணிக்கட்டுக்குக் கீழே பூச்சு அசைந்தது. மூன்றாவதாக ஒரு கை வந்தது. அது அவனைப் பிடிக்கவில்லை. கூடையிலிருந்து ஒரு பச்சை உருண்டையை எடுத்து அவன் மணிக்கட்டின் மேல் வைத்தது. அழுத்தியது. அடியில் இருந்த தண்ணீரை ஓரமாகத் தள்ளியது. பிறகு உள்ளங்கையால், தடம் விழாமல், முழங்கையை நோக்கி மெழுகிக்கொண்டே வந்தது.