வீட்டில் ஒருத்தி

லீசியின் விரிப்பு நேற்றைவிட நீளமாக இருந்தது.

தம்தா துணிக்கூடையை இடுப்பில் அணைத்தபடி மாடி முகப்பின் கதவருகே நின்று அதையே பார்த்தாள். ஐந்து வயதுக் குழந்தையின் சின்னக் கட்டிலுக்கான வெள்ளை விரிப்பு அது. நீல முயல்கள் அச்சிட்டது. நேற்று கொடியில் தொங்கிய அதன் விளிம்பு முகப்பின் மரக் கைப்பிடியின் மேல்கட்டையைத் தொடவில்லை. இன்று அதைத் தாண்டி ஒரு சாண் கீழே தொங்கியது. ஈரத்தில் துணி இழுபடும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இழுபட்டிருந்தால் முயல்களும் நீண்டிருக்க வேண்டுமே. முயல்கள் அப்படியேதான் இருந்தன. அடியில் ஒரு வரிசை முயல்கள் புதிதாகக் கூடியிருந்தன.

மூன்று நாளாகியும் அது காயவில்லை. அந்த மலைக்குளிரில் ஈரத்துணி எதுவும் அரை மணியில் அட்டைபோல் விறைத்துப்போகும். இது மட்டும் விறைக்கவில்லை. தளர்ந்து, கனத்து, காற்றே இல்லாத பிற்பகலில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. சோப்பு வாசனை போய்விட்டிருந்தது. பூட்டிக்கிடந்த நிலவறையைத் திறந்ததும் வருமே, அந்த வாசனை.

எடுத்துவிடலாம் என்று கை நீட்டினாள்.

"தொடாதே!" பின்னால் லீசியின் அம்மா வெரோனிகா நின்றிருந்தாள். அடுத்த கணமே குரலில் தேன் தடவிக்கொண்டாள். "இன்னும் காயலைடா கண்ணு. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ உள்ளே வா, கேக் வெட்டியிருக்கேன்."

கண்ணு. தம்தாவுக்கு அந்தச் சொல் இன்னும் பழகவில்லை.

ஜார்ஜியாவில் குத்தாயிசி நகரத்திலிருந்து அவள் இந்த ஆஸ்திரியப் பள்ளத்தாக்குக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிலுக்குச் சாப்பாடு, தங்க அறை, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், ஜெர்மன் மொழிப் பழக்கம். ஒரு வருட ஏற்பாடு. 'குடும்பத்தில் ஒருத்தியாக' என்றுதான் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஆனால் நகரத்து வரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் வெரோனிகா ஒப்பந்தத்தின் மற்ற வரிகளையே அதிகம் படித்தவள். தம்தா அவளை 'ஃப்ராவ் ஹோல்ட்ஸர்', அதாவது திருமதி ஹோல்ட்ஸர் என்றுதான் கூப்பிட வேண்டும். சாப்பாடு சமையலறை மேசையில். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, கூடத்தில் மெழுகுவர்த்திகள் ஏற்றி அவர்கள் மூவரும் பாடிக்கொண்டிருக்க, தம்தா பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று அம்மாவுடன் போனில் பேசினாள். "உன்னை நல்லா வச்சிருக்காங்களா?" என்று அம்மா கேட்டாள். "சொந்தப் பொண்ணு மாதிரி" என்றாள் தம்தா. பொய் சொல்வது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. மறுமுனையில் அம்மா அழுகையை அடக்கும் சத்தம்தான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் தம்தாவுக்கு விடுமுறை. காலையில் லீசி படுக்கையை நனைத்துவிட்டாள். வெரோனிகா தானே விரிப்பைத் துவைத்து, மாடி முகப்பில் காயப்போட்டாள். அன்று சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. மருத்துவர் வந்து, பருவக் காய்ச்சல்தான், மூன்று நாளில் போய்விடும் என்று மருந்து கொடுத்துவிட்டுப் போனார்.

இருபத்தாறாம் தேதி வெரோனிகா தம்தாவின் அறைக்கதவைத் தட்டினாள். கையில் ஒரு தட்டு நிறைய வெனிலா பிஸ்கட். கண்கள் சிவந்திருந்தன.

"இனிமே வெரோனிகான்னே கூப்பிடு. இந்த மரியாதையெல்லாம் நமக்குள்ள எதுக்கு? எங்களோட உட்கார்ந்து சாப்பிடு. நீயும் இந்த வீட்டுப் பொண்ணுதானே?"

தம்தா தட்டை வாங்கிக்கொண்டாள். நான்கு மாதமாக யாரும் அவள் தோளில் கை வைக்கவில்லை. வெரோனிகா வைத்தாள். கை சில்லிட்டிருந்தது. அதைப் பற்றி அப்போது அவள் நினைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாள்களில் அவளுக்கு எல்லாமே கிடைத்தது. கூடத்து மேசையில் ஒரு நாற்காலி. வெரோனிகாவின் சிவப்புக் கம்பளிச் சட்டை. வாய் திறந்து பேசாத, வெரோனிகாவின் கணவன் மத்தியாஸ்கூட அவளுக்கு முதலில் சூப் ஊற்றினான். "எங்க பெரிய பொண்ணு கொறிக்கிறதைப் பாரு, குருவி மாதிரி" என்று கேலி செய்தான். பெரிய பொண்ணு. அவள் சிரித்தாள். சிரிக்கும்போது யாரோ தன்னை அளவெடுப்பதுபோல் முதுகில் ஒரு கூச்சம் ஊர்ந்தது.

லீசிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. விரிப்பும் காயவில்லை. புத்தாண்டு அன்று அது முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. மூன்றாம் தேதி தரைப்பலகையை எட்டியது. தம்தா மாடி முகப்புக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். போகாவிட்டாலும் சத்தம் கேட்டது. மேலே பலகையில் ஈரத்துணி உரசும் சத்தம், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போய், அங்கே சற்று நின்று, திரும்பி வந்தது. கொடியில் கட்டிய துணி அப்படிப் போய்வராது. இதை யாரிடம் சொல்வது? குழந்தை நெருப்பாய்க் கொதிக்கிற வீட்டில், துணியைக் கண்டு பயமாயிருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஐந்தாம் தேதி நண்பகலில் தபால்காரி கெர்டியின் மஞ்சள் வண்டி வாசலில் வந்து நின்றது. கெர்டிக்கு நாற்பது வயதிருக்கும். கன்னமெல்லாம் குளிரில் சிவந்து, எப்போதும் ஏதாவது வம்பளந்துகொண்டே வருவாள்.

"என்னடி தம்தா, உங்க ஊர்ல இன்னும் கிறிஸ்துமஸே வரலையாமே? நாங்க மிச்சம் மீதியைக்கூடத் தின்னு தீர்த்தாச்சு!"

"நாளன்னைக்குத்தான் அக்கா. எங்க பழைய காலண்டர்படி ஏழாம் தேதி."

"கொடுத்து வச்சவ. ரெண்டு தடவை திங்கலாம், ரெண்டு தடவை குண்டாகலாம்." அம்மா அனுப்பிய பொட்டலத்தை நீட்டியபடி நிமிர்ந்தவள் மாடியைப் பார்த்தாள். முகத்திலிருந்து சிரிப்பு வடிந்துபோனது. "அது யாரோட விரிப்பு?"

"லீசியோடது."

"சும்மா சொல்லாதே. லீசியோடதை இருபத்தஞ்சாம் தேதி கோயில்லேருந்து வரும்போதே பார்த்தேன். கைக்குட்டை அளவு இருந்துச்சு. பார்த்துட்டுச் சிலுவை போட்டுக்கிட்டேன். இது பெரிய ஆளோடது."

"அதேதான் அக்கா. வளர்ந்திருக்கு."

கெர்டி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். கெர்டி சிரிக்கவில்லை. தம்தாவைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு விரிப்பை, மேலிருந்து கீழே. மறுபடி தம்தாவை.

"கிறிஸ்துமஸ்லேருந்து, நாளைக்கு வர்ற மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும் இந்தப் பள்ளத்தாக்குல யாரும் வெள்ளைத் துணி வெளியில போட மாட்டாங்க. போட்டா, அந்த வீட்ல ஒருத்தருக்கு அதான் கடைசித் துணி. போட்டதை எடுக்கவும் முடியாது. வெரோனிகா படிச்சவ, இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறவ." குரலைத் தாழ்த்தினாள். "இப்ப உன்னை என்னன்னு கூப்பிடறாங்க?"

"பெரிய பொண்ணுன்னு."

"அடிப்பாவி." அது யாருக்கான வசவு என்று தெரியவில்லை. "இங்க பாரு. வேலைக்கு வந்தவங்களை அது தொடாது. வீட்டு ஆளைத்தான் தொடும். திருநாளுக்கு முந்தின சாயங்காலம் எல்லா வீட்லயும் சாம்பிராணி போடுவோம். இன்னிக்கு அப்படிப் போடும்போது மத்தியாஸ் ஒவ்வொரு பேரா கூப்பிடுவான். 'இருக்கேன்'னு பதில் சொல்றவங்கதான் இந்த வீட்டு ஆளுங்க. உன் பேர் வந்தா வாயைத் திறக்காதே. அதைவிட, நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சுப் போயிடு."

"இப்பவே உங்க வண்டியில கூட்டிட்டுப் போயிடுங்களேன்."

கெர்டி வீட்டின் ஜன்னலைப் பார்த்தாள். திரைக்குப் பின்னால் வெரோனிகா நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்கடி" என்றாள் கெர்டி. வண்டிக்கதவைச் சாத்திக்கொண்டு, அவளைத் திரும்பிப் பாராமல் போய்விட்டாள்.

தம்தா பெட்டியைக் கட்டினாள். மூன்றரை மணிக்கு லீசியின் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு நிமிடம்தான் என்று நினைத்துக்கொண்டாள். குழந்தையின் உதடுகள் வெடித்திருந்தன. நெற்றியில் போட்ட துணி காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நனைத்து மாற்றினாள். நான்கு மாதமாக அவள்தான் அந்தத் தலைக்குச் சடை பின்னியவள்.

லீசி கண் திறந்தாள். "தம்தா, அம்மா சொன்னாங்க, என் காய்ச்சலை நீ எடுத்துக்குவியாமே. நிஜமாவா?"

தம்தாவின் கை அப்படியே நின்றது.

"உனக்கு வலிக்காதுன்னு சொன்னாங்க" என்றாள் குழந்தை. தம்தாவின் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

அந்த விரல்களைப் பிரித்தெடுக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. சாலை வளைவில் பேருந்தின் ஒலிப்பான் கேட்டது. அதன் பிறகு ஓசை எதுவும் இல்லை.

கீழே இறங்கியபோது வெளிச்சம் சாம்பலாகியிருந்தது. அடுத்த ஊருக்குப் பதினோரு கிலோமீட்டர் போக வேண்டும். பனி முழங்காலளவு கிடந்தது. மத்தியாஸ் கூடத்தில் இரும்புச் சட்டியில் தணல் எடுத்துக்கொண்டிருந்தான். அவள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான். "பத்து நிமிஷம். முடிஞ்சதும் நானே ஸ்டேஷன்ல கொண்டுபோய் விடறேன்."

வெரோனிகா லீசியைப் போர்வையோடு தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒரே ஒரு வார்த்தைதான் தம்தா. எனக்கே இதுல நம்பிக்கை இல்லை."

"நம்பிக்கை இல்லேன்னா எதுக்குக் கெஞ்சறீங்க?"

"உனக்குன்னு ஒரு குழந்தை பொறக்கட்டும். அப்ப கேளு" என்றாள் வெரோனிகா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்ததுபோல, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தம்தா முடிவு செய்துகொண்டாள். நிற்பாள். பேச மாட்டாள். யாரும் அவள் வாயைப் பிளந்து வார்த்தையைப் பிடுங்க முடியாது. பத்து நிமிடம். பிறகு கார், ஸ்டேஷன், ரயில்.

தணலில் சாம்பிராணி விழுந்தது. புகை தரையோடு படர்ந்து, மேசைக்காலைச் சுற்றி, படிக்கட்டை நோக்கி நகர்ந்தது. அவள் கண் எரிந்தது. மேலே உரசும் சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் நின்றால் காது வலிக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"மத்தியாஸ்" என்று மத்தியாஸ் தன் பெயரையே முதலில் சொன்னான். "இருக்கேன்."

"வெரோனிகா."

"இருக்கேன்."

அவன் திரும்பினான். கண்களைத் தாழ்த்திக்கொண்டான்.

"தம்தா."

பல்லைக் கடித்தாள். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினாள். தணல் ஒருமுறை வெடித்தது. லீசியின் மூச்சு கரகரத்தது. வெரோனிகாவின் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன: சொல்லு, சொல்லு, சொல்லு.

சொல்லவில்லை.

ஜெயித்துவிட்டாள்.

"இருக்கேன்."

மாடியிலிருந்து வந்தது. அவளுடைய குரல். நான்கு மாதம் முயன்றும் அவளால் மாற்ற முடியாத குத்தாயிசி உச்சரிப்பு. குரலின் அடியில் ஓர் ஈரம்.

மத்தியாஸ் தலை நிமிரவில்லை. "எலிசபெத்" என்று லீசியின் முழுப்பெயரைச் சொன்னான்.

"இருக்கேன்!" என்றாள் லீசி. பளிச்சென்று. பத்து நாளாக அவளிடமிருந்து வராத குரல்.

படியில் முதல் காலடி. வெறுங்கால். ஈரம்.

"நான் சொல்லலை" என்றாள் தம்தா. "நான் சொல்லவே இல்லை. நீங்க பார்த்தீங்கல்ல?" யாரும் அவளைப் பார்க்கவில்லை. வெரோனிகா குழந்தையின் நெற்றியில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாது.

இரண்டாவது படி. மூன்றாவது.

வாசல்கதவு நான்கு எட்டுத் தொலைவில் இருந்தது. கால்கள் அவளுடையவைதான். நகரவில்லை.

"அம்மா, பசிக்குது" என்றாள் லீசி.

"இதோ சூப் இருக்குடி கண்ணு. சூடா இருக்கு. நிறைய சாப்பிடு."

படியின் திருப்பத்தில் வெண்மை தெரிந்தது. நீல முயல்கள், வரிசை வரிசையாய். உள்ளே யாரும் இல்லை. இருந்தும் துணிக்குத் தோள் இருந்தது, முழங்கால் இருந்தது. அவள் உயரம். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது, அவளுடையதைப் போலவே. மத்தியாஸ் எழுந்தான். நடைவழியில் கிடந்த நாற்காலியை எடுத்து, சுவரோரம் ஒதுக்கி வைத்தான்.

அது அவள் முன்னால் வந்து நின்றது. முகத்துக்கு முகம். நிலவறை வாசனை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஈரத்துணி உள்ளே குழிந்தது, வெளியே புடைத்தது. மறுபடி குழிந்தது. அவள் மூச்சின் அதே வேகம்.

தம்தா மூச்சை அடக்கினாள்.

துணி நின்றது.

பின்னால் கரண்டி கிண்ணத்தில் தட்டும் சத்தம். குழந்தை உறிஞ்சிக் குடிக்கும் சத்தம். மார்பு வெடித்துவிடும்போல் இருந்தது. இனி முடியாது. வாயைத் திறந்தாள்.

துணி மூச்சு வாங்கியது. நீளமாக, நிதானமாக, ஆசை தீர. முயல்கள் எல்லாம் ஏறி இறங்கின.

தம்தாவுக்குள் காற்று எதுவும் போகவில்லை.