மிக அருகில் இருக்கும் முகம்

பந்து திக்கியது.

பகல் முழுவதும் எண்ணெய் தடவியது போல வழுக்கிக்கொண்டு ஓடிய எஃகுப் பந்து, பொழுது சாய்ந்து எதிர்வீட்டுச் சமையலறையில் விளக்கு எரியத் தொடங்கிய நேரத்தில், மேசையின் இடது வளைவில் ஏறும்போது ஒரு முறை திக்கியது, இறங்கும்போதும் திக்கியது, பிறகு, இருட்டில் படிக்கட்டு இறங்குகிறவரைப் போல, நின்று நின்று கீழே வந்தது. அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கண்ணில் கோளாறு இல்லை.

அது கணினிக்குள் இருக்கும் பின்பால் மேசை. சாய்ந்த பலகை, அதில் வளைவுகள், மோதினால் மின்னும் குமிழ்கள், கீழே பந்தைத் தட்டிவிட இரண்டு துடுப்புகள். திரையின் தலையில் மாட்டிய கேமரா, விளையாடுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தலையைச் சாய்த்தால் மேசையும் அதற்கேற்பத் திரும்பும். எட்டிப் பார்த்தால் வளைவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது தெரியும். திரைக் கண்ணாடிக்கு அடியில் உண்மையாகவே ஒரு மேசை கிடக்கிறது என்று நம்பத் தோன்றும். முகம் கேமராவுக்குத் தெரியாமல் போனால், எழுந்து போனாலும் சரி, முதுகைக் காட்டித் திரும்பினாலும் சரி, மேசை சட்டென்று தட்டையாகிவிடும். சுவரில் மாட்டிய படம் போல.

இந்த விளையாட்டைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு இதில்தான் பெருமை, இதில்தான் தலைவலியும். விலை உயர்ந்த கணினிகளில் பறந்த விளையாட்டு, சாதாரணக் கணினிகளில் நொண்டியது. நொண்டலைச் சரிசெய்யும் வேலை அவளிடம் வந்தது. அவளுடைய தகுதிகளில் முதலாவது அவள் கணினியின் வயதுதான் என்று, மேசைக்கு ஓவியம் தீட்டும் தோழி சொன்னாள். அலுவலகத்தில் அந்தத் தோழிக்குக் குண்டூசி என்று பெயர். ஒல்லியாக இருப்பதற்காக அல்ல.

“உன் மெஷின்ல ஓடிச்சுன்னா இஸ்திரிப் பெட்டியிலகூட ஓடும்டி” என்றாள் குண்டூசி.

இந்த வேலை நிலைத்தால் அவள் இந்த வீட்டிலேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் தம்பி வீட்டின் பின்னறை. அங்கே துணி உலர்த்தும் கம்பிகளுக்கு நடுவே ஒரு கட்டில் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. அம்மா போனதிலிருந்து தம்பி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். “ஒத்தையா அங்க உக்காந்து என்னக்கா பண்ணப் போற? பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்ல.” அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சில நாட்களில், பால் பாக்கெட் போடுகிறவரிடம் சொல்லும் ஒரு வார்த்தைதான் அவள் வாயிலிருந்து வரும் ஒரே சத்தம்.

மறுநாள் மாலையும் பந்து திக்கியது. அதற்கடுத்த மாலையும். கணினி சூடாகிறதோ என்று அதன் வயிற்றைத் திறந்து தூசி தட்டினாள். பயனில்லை. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் வண்ணப் பட்டைகளைத் திரையோரத்தில் வரவழைத்து, பொழுது சாயும்வரை காத்திருந்தாள். மாடியில் யாரோ வாளியை இழுத்தார்கள். குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. அவளுக்குப் பின்னாலிருந்த நடைவழி, அறைகளுக்கு நடுவே நீளமாக ஓடி அம்மாவின் அறைக்கதவில் முடிகிற அந்த நடைவழி, மெல்ல மெல்ல இருண்டது. அப்போது மஞ்சள் பட்டை நீண்டது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, சரியாக இரண்டு மடங்கு.

மஞ்சள், மேசையை வரையும் வேலை. விளையாட்டு அந்த மேசையை இரண்டு முறை வரைந்துகொண்டிருந்தது.

முன்பு இருந்த நிரலாளர் ஒருவர், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடட்டும் என்று ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். கேமராவில் இரண்டு முகங்கள் தெரிந்தால் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு முறை மேசை வரையப்படும்; ஏற்பாடு பாதியில் நின்றுபோனதால் இரண்டாவது மேசை திரைக்கு வராது. அதைக் கண்டுபிடித்தபோது, விடை கிடைத்த மகிழ்ச்சியில் அவள் சிரித்தேவிட்டாள். சிரிப்பு முடிந்த பிறகுதான் அறையின் அமைதி காதில் விழுந்தது.

கேமராவின் படத்தைத் திறந்தாள். திரையின் ஒளி பட்டு வெளிறிய அவள் முகம், அதைச் சுற்றி ஒரு பச்சைச் சதுரம். இடது தோளுக்குப் பின்னால், ஒன்றுமே இல்லாத இருட்டில், இன்னொரு பச்சைச் சதுரம்.

குண்டூசியை ஃபோனில் அழைத்தாள்.

“அது சுவத்துக் கறையைக்கூட முகம்னு சொல்லும்டி” என்றாள் குண்டூசி. “இங்க ஆபீஸ்ல காபி மெஷினைப் பாத்து முகம்னுச்சு. நம்ம மேனேஜரை மட்டும்தான் கண்டுக்கவே இல்ல.”

“இங்க கறை எதுவும் இல்லயே.”

“துண்டு, காலண்டர், பல்லி, எதையாவது பாத்து உளறும். எல்லாத்தையும் எடுத்துப் போடு. முதல்ல லைட்டைப் போடு, இருட்டுல கேமராவுக்குப் புத்தி மட்டு.”

நடைவழி விளக்கைப் போட்டாள். பின்சதுரம் மறைந்தது, பட்டை சுருங்கியது, பந்து வழுக்கி ஓடியது. அணைத்தாள். திக்கியது. கொடியில் கிடந்த துண்டை எடுத்தாள், காலண்டரைக் கழற்றினாள், முகம் பார்க்கும் கண்ணாடியை ஒரு போர்வையால் மூடினாள். வெற்றுச் சுவரும் இருட்டும் மட்டும் மிஞ்சின. சதுரம் அசையாமல் அங்கேயே இருந்தது. இடது தோளுக்குப் பின்னால்.

அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. அம்மா நிற்கும் இடம் அது. கடைசி வருடங்களில், அவள் வேலை செய்யும்போது, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அம்மா அங்கேதான் நிற்பாள். எந்த விளையாட்டைத் திருத்திக்கொண்டிருந்தாலும் அதற்கு ஒரு கருத்து இருக்கும். “இந்தப் பந்தும் உன் தம்பியும் ஒண்ணுடி, எவ்வளவு தூக்கிவிட்டாலும் குழியைத் தேடிப் போய்த்தான் விழும்.”

அன்று அவள் விளக்கைப் போடவில்லை.

சரிசெய்வது சுலபம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வரி. அந்த ஒரு வரியை அவள் எழுதவில்லை. காரணம் இன்னும் பிடிபடவில்லை என்று அலுவலகத்துக்குச் சொன்னாள். மாலை வந்ததும் நடைவழி விளக்கை அணைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, பந்து திக்குவதற்காகக் காத்திருந்தாள். திக்கியதும் தோள்கள் தளர்ந்தன. பேசினாள். பால்காரர் வராததை, தம்பி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததை, மாடிக்காரர்கள் துணி காயப்போட்டுத் தண்ணீர் சொட்டவிடுவதை. பதில் வரவில்லை. ஆனால் யாரோ கேட்டுக்கொண்டிருக்கும்போது பேசுவது எப்படி இருக்கும் என்பது அவளுக்கு மறந்து போயிருந்தது. அது நினைவுக்கு வந்தது. ஒரு முறை பேச்சுவாக்கில் பின்னால் திரும்பினாள். நடைவழி காலியாக இருந்தது. மறுபடி திரைக்குத் திரும்பியபோது, சோதனைக்காகத் திரையோரத்தில் தனித்தனியாகத் திறந்து வைத்திருந்த இரண்டு மேசைகளில், அவளுக்கானது தட்டையாகக் கிடந்து எழுந்துகொள்வதைக் கண்ணோரத்தில் பார்த்தாள். இன்னொரு முகத்துக்கான மேசை அப்படி ஒரு முறைகூடத் தட்டையாகவில்லை. அது திரும்புவதே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தது.

குண்டூசியின் அடுத்த அழைப்பில் கேலி இல்லை.

“ஏய், கேளு. நாளைக்குக் காலைல இந்த வேலையை வேற ஆளுக்குக் குடுக்கறதா பேசிக்கிட்டாங்க. நான் நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன். என்னதான்டி பிரச்சினை?”

“ரெண்டு முகம்.”

“அதான் தெரிஞ்சுபோச்சே. ஒரு முகத்தை மட்டும் பாருன்னு எழுதிட்டுப் போயேன். அதுக்கு இத்தனை நாளா?”

அவள் ஃபோனை வைத்தாள். தம்பி வீட்டுப் பின்னறையின் கம்பிகள் கண் முன் வந்தன.

மறுநாள் மாலை, அந்த வரியை எழுதுவதற்கு முன், கடைசியாக ஒரு முறை என்று விளக்கை அணைத்தாள். இதுவரை சதுரத்தை மட்டும் பார்த்தவள், அன்றுதான் அதற்குக் கீழே வரும் அளவுகளைப் படித்தாள். தரையிலிருந்து எவ்வளவு உயரம், திரையிலிருந்து எவ்வளவு தூரம்.

அம்மா குள்ளம். அவள் உட்கார்ந்திருக்கும்போது அம்மாவின் முகவாய் அவள் உச்சந்தலைக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான்.

இந்த முகம் கதவு நிலையின் மேல் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பழைய நாட்களின் அளவுகளைக் கணினி சேமித்து வைத்திருந்தது. முதல் மாலையில் அது நடைவழியின் கோடியில், அம்மாவின் அறைக்கதவுக்கு அருகே இருந்திருக்கிறது. ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது. அவள் விளக்கை அணைத்து வைத்த மாலைகளில் மட்டும்.

தைல வாசனை வரவில்லை. அம்மா இருந்த இடத்தில் தைல வாசனை இல்லாமல் இருந்ததே இல்லை. இப்போது மூக்கில் ஏறியது வேறு: நெடுநாள் திறக்காத தண்ணீர்த் தொட்டியின் வாசனை, நனைந்த சிமெண்டின் வாசனை.

எழுந்து ஓடி வீட்டிலுள்ள எல்லா விளக்குகளையும் போட்டாள். நடைவழி, சமையலறை, குளியலறை. அம்மாவின் அறைக்கதவை மட்டும் திறக்கவில்லை. திரும்பி வந்து, நின்றபடியே அந்த வரியை எழுதினாள். ஒரே ஒரு முகத்தை மட்டும் கணக்கில் எடு. திரைக்கு மிக அருகில் இருக்கும் முகத்தை. விளையாடுகிறவர்தானே எப்போதும் அருகில் இருப்பார். மற்றவர்கள் எத்தனை பேர் நின்றாலும் பின்னால்தான் நிற்பார்கள். அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

சிறிது நேரத்தில் குண்டூசி அழைத்தாள். பின்னால் கைதட்டும் சத்தம்.

“பறக்குதுடி. மேனேஜரே விளையாடறாரு, பந்தைவிட அவர்தான் அதிகமா குதிக்கறாரு. உன் வேலை நிரந்தரம். வீட்லயே இருந்து பண்ணட்டும்னு சொல்லிட்டாரு. எங்கயும் போக வேணாம் நீ.”

“சரி.”

“என்னடி சரி? கொஞ்சம் சந்தோஷமாத்தான் சொல்லேன். உன் ஓட்டை மெஷின்ல ஒரு தடவை ஓட்டிப் பாத்து, செகண்டுக்கு எத்தனை படம் வருதுன்னு மட்டும் அனுப்பிடு. அதோட முடிஞ்சுது.”

அவள் உட்கார்ந்தாள். எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. முதுகுக்குப் பின்னால் வெளிச்சமான, காலியான நடைவழி. நாற்காலியில் உட்காரும் முன் நன்றாகப் பார்த்திருந்தாள். விளையாட்டைத் தொடங்கினாள்.

பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. வினாடிக்கு அறுபது படங்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. மஞ்சள் பட்டை விரல் நகம் போலச் சுருங்கிக் கிடந்தது. அவள் நீளமாக மூச்சு விட்டாள். நிரந்தரம். இந்த வீடு, இந்த நாற்காலி, எதிர்வீட்டு விளக்கு.

மேசை மெல்ல இடப்பக்கம் திரும்பியது.

அவள் தலையைச் சாய்க்கவில்லை.

நாற்காலியின் முதுகில் தலையை அழுத்தி, அசையாமல் இருந்தாள். மேசை திரும்பிக்கொண்டே இருந்தது. வளைவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது தெரிந்தது. பிறகு பெரிதாகத் தொடங்கியது. குமிழ்கள் பெருத்தன, துடுப்புகள் திரையின் ஓரத்துக்கு வெளியே போயின. மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு பார்த்தால்தான் மேசை இப்படித் தெரியும்.

சோதித்துப் பார்க்கத் தலையை வலப்பக்கம் சாய்த்தாள். மேசை அசையவில்லை.

இது அவள் பார்வை இல்லை.

மிக அருகில் இருக்கும் முகம். அவள்தான் எழுதினாள். அவளைவிட அருகில். அவளுக்கும் திரைக்கும் நடுவில் ஒரு கை நீளம். அதில் விசைப்பலகை இருந்தது. அவளுடைய கைகள் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை. நனைந்த சிமெண்டின் வாசனை.

எழ வேண்டும். எழ வேண்டுமென்றால் முன்னால் குனிய வேண்டும்.

அவள் குனியவில்லை. மாடியில் யாரோ வாளியை இழுத்தார்கள். யாரோ சிரித்தார்கள். பந்து உருண்டு குழியில் விழுந்தது. அடுத்த பந்து தானாக வந்து நின்றது.

அப்போது மேசை சட்டென்று தட்டையாகியது. சுவரில் மாட்டிய படம் போல. எதிரே யாருமே உட்கார்ந்திருக்காதபோது ஆவது போல.

அவள் உட்கார்ந்திருந்தாள். கேமராவுக்கு நேர் எதிரே, எல்லா விளக்குகளும் எரிய, கண்ணை அகலத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் அதற்குத் தெரியவில்லை. ஏதோ மறைத்தது. மறைத்ததன் முகமும் தெரியவில்லை.

முதுகைக் காட்டித் திரும்பினாலும் சரி.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திரையின் மூலையில் அறுபது, அறுபது, அறுபது என்று எண் அசையாமல் நின்றது. ஒரு துளி மூச்சுகூட அவளிடமிருந்து வெளியே போகவில்லை.

அவளுடைய மூக்குக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், கீழ் விளிம்பிலிருந்து மேலே, மெல்ல ஆவி படிந்தது.