யாமோங் மலையின் ஒன்பது கண்

காலை ஐந்தரை மணி. கோயிலுக்குள் உலோகம் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. அடுத்த நொடி காப்பாளர் லோபன் ஜம்பே அலறினார்.

வாசலில் குனிந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்த சுற்றுலா வழிகாட்டி லெகி ஒற்றைக் காலணியோடு உள்ளே ஓடினாள். பாதி தூரம் போனபிறகுதான் உறைத்தது. அதை உதறி வெளியே எறிந்தாள். பீடத்தின் முன்னால் ஜம்பே வெலவெலத்துப் போய் நின்றார். கையில் ஒரு வெள்ளி மூடி மட்டும் இருந்தது. கிண்ணம் தரையில் கவிழ்ந்து கிடந்தது.

“போச்சு லெகி, கல்லு போச்சு! மூடியத் தொறக்கிறேன், உள்ள காணோம்!”

யாமோங் மலைக்கு ஜனங்கள் மூச்சிரைக்க ஏறி வருவதே அந்தக் கல்லுக்காகத்தான். ஒன்பது கண் உள்ள சீக்கல், மாலையில் கோக்கும் பழங்கால மணி. பாதி விரல் நீளம். பழுப்பு உடம்பில் வெள்ளை வளையங்கள், அவைதான் கண்கள். பௌத்தத்தை இந்த மலைகளுக்குக் கொண்டுவந்த குருவின் மாலையிலிருந்து உதிர்ந்தது என்பது நம்பிக்கை. பூட்டானில் சாதாரண சீக்கல்லை அணிந்த பெண்ணுக்கே திருவிழாவில் தனி மரியாதை. இந்தக் கல் வெளியே விலைக்கு வந்தால் தலைநகர் திம்புவில் மாடி வீடு வாங்கிவிடலாம்.

அலறல் கேட்டு லெகியோடு மலையேறி வந்த மற்ற மூவரும் ஓடிவந்தார்கள். கூடவே கோயில் சேவலும் வந்தது. வெட்டுக்குப் போகவிருந்ததை யாரோ புண்ணியத்துக்கு வாங்கி இங்கே விட்டிருந்தார்கள். அன்றிலிருந்து ராஜா மாதிரித் திரிகிறது. மனிதர்கள் கத்திக்கொண்டிருக்க, அது கவிழ்ந்த கிண்ணத்தைச் சுற்றித் தரையைக் கொத்திக்கொண்டிருந்தது.

“கதவுப் பூட்டு எப்படி இருந்தது?” என்று கேட்டாள் ஆவும் ரின்சி. பெரிய இடத்துப் பெண்களை ‘ஆவும்’ என்றும் மதகுருமாரை ‘லோபன்’ என்றும் அழைப்பது பூட்டான் மரியாதை.

“நல்லாத்தான் இருந்தது ஆவும். சாவி ராத்திரி பூரா என் இடுப்புல.”

“அப்ப நேத்து சாயந்தரப் பூசையிலேயே போயிருக்கு. நாம இங்க நிக்கும்போதே.” அவள் திரும்பி, கதவோரம் நின்ற வெள்ளைக்காரரைப் பார்த்தாள். “விலை என்னன்னு கேட்டவர் யாருன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்குல்ல?”

லெகி போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

வெள்ளைக்காரர் ஹென்ரிக், டென்மார்க்கிலிருந்து வந்திருந்த விருந்தாளி. பள்ளிக்கூடத்தில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வழியெல்லாம் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். நேற்றுப் பூசையில் ஜம்பே கல்லை ஒவ்வொருவர் உச்சந்தலையிலும் வைத்து எடுத்தபோது, “இது என்ன விலை போகும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டுத் தொலைத்தார். சாமி சிலையின் எடையைக் கேட்ட மாதிரி கோயில் கப்சிப் ஆகிவிட்டது.

விருந்தாளி குற்றம் செய்தால் வழிகாட்டியின் உரிமம் போய்விடும். ஹோட்டல் சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே படித்து லெகி வாங்கிய உரிமம் அது. அதைத் தவிர அவளிடம் வேறு சொத்து எதுவும் கிடையாது.

இதில் வம்பு என்னவென்றால், ஆவும் ரின்சிதான் லெகி வேலை பார்க்கும் சுற்றுலா நிறுவனத்தின் முதலாளி. புண்ணியம் தேடி இந்த மலைக்கு வரவேண்டும் என்று ரொம்ப நாளாய் ஆசை. இந்தப் பயணத்தோடு சேர்ந்துகொண்டாள். நான்காவது ஆள் ஷெரப், மூட்டை சுமக்கும் கோவேறு கழுதைக்காரன். கீழ் கிராமத்துப் பையன், வாய் ஓயாது.

“நேத்து கல்ல மூடி வெச்சப்புறம் என்ன பண்ணீங்க லோபன்?” என்று லெகி கேட்டாள்.

“பக்கத்து அறைக்குத் தண்ணிக் கிண்ணங்களக் கழுவப் போனேன். நீங்கெல்லாம் ஒவ்வொருத்தரா விளக்கு ஏத்தி, கும்பிட்டுட்டுப் போனீங்க. நான் வந்து பூட்டினேன்.”

“மூடியத் தொறந்து பாக்கலியா?”

“யாரு பாக்கப் போறா? இத்தன வருஷத்துல ஒருத்தன் கை வெச்சதில்லையே!” கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோயில் பொருள் தொலைந்தால் காப்பாளர் கதி என்ன என்று அவருக்கும் தெரியும்.

ஆக, நான்கு பேருமே பீடத்தின் முன் சற்று நேரம் தனியாக நின்றவர்கள்தான். லெகி உட்பட. அவள் குனிந்து கிண்ணத்தை எடுத்தாள். உள்விளிம்பில் வெண்ணெய்ப் பிசுக்கு. அதில் ஓர் அரிசி ஒட்டியிருந்தது. அவள் அதைக் கவனித்தாள். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது அவளுக்குப் பிடிபடவில்லை.

ஆவும் ரின்சி மேட்டில் ஏறி, சிக்னல் பிடித்துப் போலீசுக்குப் பேசினாள். ஹென்ரிக்கின் பெயரைக் காற்றோடு சத்தம் போட்டு எழுத்தெழுத்தாகச் சொன்னது கோயில்வரை கேட்டது. கீழேயிருந்து ஆள் ஏறி வர மதியமாகும்.

காற்று விடவில்லை. மந்திரம் அச்சிட்ட கொடித்துணிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. கழுதை கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வந்தது. லெகிக்கும் ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. கோயில் சுவரோரம் போவதும் வருவதுமாக இருந்தாள்.

“எல்லார் பையையும் கொட்டிப் பாத்துடலாம். முதல்ல என்னோடது” என்று ஆவும் ரின்சி தானாகவே முன்வந்தாள். இடுப்புச் சங்கிலியில் வெள்ளிச் சிமிழ் ஆட, துணிகளை ஒவ்வொன்றாக உதறினாள். ஜெபமாலை, மருந்து, விலை உயர்ந்த கம்பளிச் சால்வை. மேலங்கி மடிப்பையும் லெகியைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். ஷெரப்பின் சாக்கில் வறுத்த சோளமும் ஒரு கிழிந்த போர்வையும் இருந்தன. ஹென்ரிக் பையைக் கவிழ்த்தபோது கற்கள் கொட்டின.

“பாத்தியா!” என்றாள் ஆவும்.

“அதெல்லாம் நம்ம ரோட்டுக் கல்லு ஆவும்” என்றான் ஷெரப். “என் கழுதை தடுக்கி விழுந்த கல்லுகூட அதுல கிடக்கு. இத அந்தாளு ஊருக்குக் கொண்டுபோனா நமக்கு ரோடு சுத்தம்.”

சீக்கல் எங்கேயும் இல்லை.

“எங்கயாவது பொந்துல ஒளிச்சிருப்பார். போலீஸ் கேக்கற விதத்துல கேட்டா சொல்லுவார்” என்று சொல்லிவிட்டு ஆவும் ரின்சி வெற்றிலையை எடுத்தாள். பாக்கும் வெற்றிலையும் இல்லாமல் அவளுக்கு அரை மணி நேரம் ஓடாது. உதடு எப்போதும் செக்கச்செவேல் என்றிருக்கும். “டேய் ஷெரப், கொஞ்சம் சுண்ணாம்பு குடு.”

ஷெரப் பழைய மாத்திரை டப்பாவை நீட்டினான். “என்ன ஆவும், நேத்து இதச் சாணின்னு சொன்னீங்க. இன்னிக்கு இனிக்குதா?”

“வாயை மூடிக்கிட்டுக் குடுடா.”

ஹென்ரிக் மட்டும் கோபப்படவில்லை. அதுதான் லெகிக்கு இன்னும் வேதனையாக இருந்தது. முந்தின நாள் இரவு ஜம்பே சோளப்பொரி போட்டுக் கொடுத்த மூங்கில் பெட்டியைத் துடைத்துக் கொண்டுவந்து கிழவரிடம் நீட்டினார். அவ்வளவு துக்கத்திலும் ஜம்பேயின் கை பின்வாங்கியது. லெகி சட்டென்று குறுக்கே புகுந்து பெட்டியை வாங்கி, தன் மடியிலிருந்து இரண்டு பிஸ்கட்டை உள்ளே போட்டு அவரிடம் கொடுத்தாள்.

“நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?” என்று ஹென்ரிக் ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்ல சார். எங்க ஊர்ல பாத்திரத்தக் காலியாத் திருப்பித் தரமாட்டோம். அபசகுனம். எதையாவது ஒரு துளி போட்டுத்தான்...”

சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். சேவல் வாசல்படியில் ஏறி, மறுபடியும் பீடத்தின் பக்கமாகப் போய்த் தேடிக்கொண்டிருந்தது. காலையில் அங்கே எதையோ தின்ற ருசி அதற்கு.

கல் மட்டுமே இருக்கவேண்டிய கிண்ணத்தில் அரிசி எப்படி வந்தது?

அவள் மறுபடி நடக்க ஆரம்பித்தாள், இந்தமுறை வேகமாக. நேற்றுப் பூசை முடிவில் ஜம்பே எல்லோருக்கும் ஒரு சிட்டிகை அரிசி பிரசாதம் கொடுத்தார். எல்லோர் கையிலும் அரிசி இருந்தது. ஆனால் கல்லை எடுத்துக்கொண்டு, காலிக் கிண்ணத்தை அப்படியே மூடக் கை கூசியவர் ஒருவர்தான். டென்மார்க்காரருக்கு எதற்குக் கூசவேண்டும்? பெட்டியைப் பளபளவென்று துடைத்துக் காலியாக நீட்டுகிற மனிதர் அவர். எடுத்தது நம்ம ஆள்.

எடுக்க நினைத்திருந்தால் ஜம்பே இத்தனை வருஷம் காத்திருக்க மாட்டார். அப்படியானால் மிச்சம் இரண்டு பேர். ஷெரப்போ, முதலாளியோ.

சுவரோரம் மூன்றாவது தடவை திரும்பும்போது அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது.

பதினொரு மணிக்கு எல்லோரும் அடுப்பைச் சுற்றி வெண்ணெய்த் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். லெகி உட்காரவில்லை.

“ஆவும், கொஞ்சம் சுண்ணாம்பு குடுங்களேன்.”

“நீ எப்பலேர்ந்து வெத்தில போட ஆரம்பிச்ச?”

“மனசு சரியில்ல. இன்னிக்கிலேர்ந்து.”

“ஷெரப்கிட்ட வாங்கிக்க. என்னோடது தீந்துடுச்சு.”

“நேத்து ஏறும்போது உங்க சிமிழ்ல விளிம்பு வரைக்கும் இருந்ததே? தொறந்து காட்டினீங்க. இவன் டப்பாவப் பாத்து, ‘சாணிய வாயில வெக்கறதுக்குச் சும்மா இருக்கலாம், என் வீட்டுச் சுண்ணாம்பத் தவிர எதுவும் நாக்குல படக்கூடாது’ன்னு சொன்னீங்க. ஒரே ராத்திரியில அவ்வளவும் எப்படித் தீரும்?”

ஆவும் ரின்சியின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே சங்கிலியில் அந்த வெள்ளிச் சுண்ணாம்புச் சிமிழ் தொங்கியது.

“காலையில எல்லாத்தையும் கொட்டிக் காட்டினீங்க. மடியத் தடவச் சொன்னீங்க. அத மட்டும் நானும் தொறக்கல, நீங்களும் தொறக்கல. வெத்தில இல்லாம உங்களால இருக்க முடியாது. எங்க முன்னாடி அதத் தொறக்கவும் முடியாது. அதனாலதான் சாணிக்குக் கை நீட்டினீங்க.”

“யார்கிட்ட பேசறோம்னு தெரிஞ்சு பேசு!”

“தெரிஞ்சுதான் ஆவும் பேசறேன்.” லெகி ஓரடி முன்னால் வந்தாள். “கல்ல எடுத்தவங்க கிண்ணத்துல அரிசி போட்டு மூடியிருக்காங்க. அந்த வழக்கம் இவருக்குத் தெரியாது.”

“அது இந்தக் கழுதைக்காரனுக்கும் தெரியுமே!”

“தெரியும். ஆனா அவன் சுண்ணாம்பு டப்பாவக் காலையிலேர்ந்து எல்லாருக்கும் நீட்டிக்கிட்டுத்தான் இருக்கான்.”

ஷெரப் தன் டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் காட்டினான். உள்ளே சுண்ணாம்பு மட்டும்தான்.

லோபன் ஜம்பே எழுந்து வந்து ஆவும் ரின்சியின் முன் உள்ளங்கையை விரித்தார். கை அங்கேயே நின்றது. அவள் அடுப்பைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். கடைசியில் சிமிழைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள். ஜம்பே விரலை விட்டுத் துழாவினார். வெள்ளைப் பசை வழிய ஒன்பது கண் வெளியே வந்தது.

கிழவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு தேம்பினார். சுண்ணாம்பு நெற்றியில் வழிந்தது. ஹென்ரிக் அவசரமாகத் தண்ணீர் கொண்டுவந்து, “பயப்படாதீங்க, இந்த வகைக் கல்லைச் சுண்ணாம்பு ஒண்ணும் செய்யாது” என்றார். லெகி அதை மொழிபெயர்த்தாள். தன்னைத் திருடன் என்ற இடத்தில் நின்றுகொண்டு அந்த மனிதர் கல்லுக்காகக் கவலைப்பட்டார்.

“நான் திருடல” என்றாள் ஆவும் ரின்சி. “அடுத்த மாசத் திருவிழாவுக்கு ஒரே ஒரு தடவை கழுத்துல போட்டுட்டுக் கொண்டுவந்து வெச்சுடலாம்னு... என் நாத்தனார் ஏழு கண் கல்லப் போட்டுக்கிட்டு என்னைப் பாக்கற பார்வை உனக்குத் தெரியாது. நான் என்ன பாவியா? கிண்ணத்தக் காலியா விட்டேனா? அரிசி போட்டுத்தானே வந்தேன்!”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் நிஜமாகவே அநியாயமாய்ப் பழி சுமத்தப்பட்டவளின் ரோஷம் இருந்தது. சாமி சொத்தைத் தொட அஞ்சாதவள், காலிக் கிண்ணத்துக்கு அஞ்சியிருக்கிறாள்.

பிறகு அவள் லெகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “கல்லு பீடத்துக்குப் பின்னாடி விழுந்து கிடந்துது, கிடைச்சுடுச்சுன்னு சொல்லிடு. கம்பெனியில உனக்குப் பங்கு தரேன். ஆபீஸ்ல தனி நாற்காலி. இனிமே நீ மலை ஏறவே வேண்டாம்.”

“கல்லு வந்துடுச்சும்மா. அது போதும் எனக்கு. பெரிய இடத்து விவகாரம்” என்று ஜம்பேயும் முனகினார்.

லெகி வெளியே வந்தாள். கால்கள் பழையபடி சுவரோரம் போகத் தொடங்கின. ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிலைக்கும். இல்லை என்றால், எந்த நிறுவனம் முதலாளியைக் காட்டிக்கொடுத்தவளைக் கூப்பிடும்? உரிமத்தைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆனால் கல் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னால், வெள்ளைக்காரன் பயந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டான் என்றுதான் ஊர் பேசும். அவர் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லியாகிவிட்டது. அந்த மனிதர் கொடித்துணிகளுக்குக் கீழே தன் தெருக்கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

மதியத்துக்குச் சற்று முன்னால் கான்ஸ்டபிள் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தார். ஆவும் ரின்சி வாசலில் நின்றாள். உதட்டில் சிவப்பு காய்ந்திருந்தது. கண் லெகியை விட்டு நகரவில்லை.

கான்ஸ்டபிள் தொப்பியால் முகத்தை விசிறிக்கொண்டே, இடுப்பிலிருந்த விலங்கைத் தொட்டுப் பார்த்தார்.

“வழிகாட்டி யாரு, நீதானே? எங்கம்மா உன் வெள்ளைக்காரன்?”

லெகி நடப்பதை நிறுத்தினாள்.

“அவர விடுங்க சார், அவர் ஒண்ணும் பண்ணல. கல்ல எடுத்தவங்க இதோ நிக்கறாங்க. பேரு ரின்சி வாங்மோ. நேத்து வரைக்கும் என் முதலாளி.”