கல்மேட்டுக் கடையின் ஷட்டர்

முழுக்கத் தூக்கிவிட்டிருந்த ஷட்டர் இன்றைக்கும் ஒரு முழம் இறங்கியிருந்தது. அஞ்சலை பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் இறங்கியிருந்தது. காற்று இல்லை, மாவு மெஷினும் ஓடவில்லை. நேற்றும் இதே உச்சி வெயிலில்தான் இறங்கியது, முந்தாநாளும் அப்படித்தான்.

"யக்கா, ஸ்பிரிங்கு நல்லாத்தான் கீது," என்றான் ஆவடியிலிருந்து ஷட்டர் ரிப்பேருக்கு வந்திருந்த ஜெகன், ஏணியை விட்டு இறங்கியபடி. "தானா எறங்க சான்சே இல்ல. யாராச்சும் இஸ்தாத்தான் உண்டு."

"உள்ள நானும் மெஷினும்தான் கீறோம். மெஷினுக்குக் கை மொளைச்சுதா நைனா?"

ஜெகன் ஏணியை மடக்கினான். "இந்தக் கடையில எவனும் நெலைச்சதில்லியாமே. நீ மட்டும் இன்னாத்துக்கு இங்க குந்திகினுகீற? குமணன்சாவடி பக்கம் எத்தினி கடை காலியா கீது."

"எங்கம்மா செத்த எடம் இது. நான் எதுக்குப் போவணும்? போறதா இருந்தா அது போவட்டும்."

எது என்று அவன் கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று வண்டியை உதைத்தான். திரும்பி வரமாட்டான் என்பது இருவருக்குமே தெரியும்.

முத்தாபுதுப்பேட்டையைத் தாண்டி உள்ளே போனால் வரும் கல்மேட்டில் ஒரு காலத்தில் கல்குவாரி நடந்தது. குவாரி முதலாளி தன் ஆட்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் விற்பதற்காகக் கட்டிய கடை இது. சுற்றிலும் ஓலைக் குடிசைகள், இதற்கு மட்டும் கருங்கல் சுவர், கான்கிரீட் கூரை. அதனால் பாறைக்கு வெடி வைக்கும் மதிய நேரத்தில் ஒரு ஆள் விசில் ஊதிக்கொண்டு ஓட, கல் உடைப்பவர்கள், பிள்ளைகள், ஆடு குட்டி எல்லாம் இந்தக் கடைக்குள் வந்து நெருக்கியடித்து நிற்கும். கடைசி ஆள் நுழைந்ததும் கடைக்காரர் ஜானகிராமன் ஷட்டரை இறக்குவார். பறந்த கல்லெல்லாம் விழுந்து அடங்கிய பிறகு தூக்குவார். ஒரு நாள் கடைசி ஆள் வருவதற்கு முன்பே ஷட்டர் இறங்கிவிட்டது. அந்தக் கடைசி ஆள் அஞ்சலையின் அம்மா குப்பம்மா. சின்னப் பெண்ணான அஞ்சலை உள்ளே யார் யார் இடுப்புக்கோ நடுவில் நசுங்கிக்கொண்டு, அம்மா தகரத்தைத் தட்டுவதைக் கேட்டாள். அப்புறம் வெடி. அப்புறம் தட்டல் இல்லை.

ஜானகிராமன் பயந்துபோய் இழுத்துவிட்டார் என்று ஊர் சொன்னது. அவரும் மறுத்துப் பேசவில்லை, கொஞ்ச காலத்தில் போய்ச் சேர்ந்தார். குவாரி மூடியது. பள்ளத்தில் தண்ணீர் நின்றது. சனங்கள் அம்பத்தூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போக, குடிசைகள் மண்ணோடு மண்ணாயின. கடை மட்டும் மிச்சம். எதிரே அடுக்குமாடி எழும்பியதும், வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தாற்போல, கடையில் பேய் என்று பேச்சு கிளம்பியது. பேசட்டும். அஞ்சலை கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்து இந்தக் கடைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கி மாவு மெஷின் போட்டாள். இந்த ஷட்டர் இனி எவர் முகத்துக்கு எதிரேயும் இறங்கக் கூடாது, அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஷட்டரை மறுபடி மேலே தள்ளி, இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்தாள். பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

கோதுமை மாவின் சூடான வாசனைக்கு அடியிலிருந்து மெல்ல மெல்ல வேறொரு நெடி கிளம்பி வந்தது, கந்தகமும் பீடியும் வியர்வையும் ஆட்டுப் புழுக்கையும் ஒன்றாகக் கலந்த நெடி, சின்ன வயதில் அவள் தலைமுடியிலேயே ஒட்டிக்கிடந்த நெடி. பிறகு, தண்ணீர் நின்ற பள்ளத்தின் பக்கமிருந்து விசில்.

வாசலில் நின்றாள். "ஜானகிராமா! இன்னிக்கு இஸ்துப் பாரு, பாக்கறேன்!" இன்னும் உரக்கக் கத்தினாள். "வாங்க! அல்லாரும் உள்ள வாங்க!"

வந்தார்கள். கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. ஒரு முழங்கை அவள் விலாவில் இடித்தது. ஈரப் புடவை உரசிப் போனது. ஒரு ஆட்டுக் கத்தல். முதுகுக்குப் பின்னால் அறை நிறைந்துகொண்டே இருந்தது. மூச்சு. மூச்சுக்கு மேல் மூச்சு.

வெளியே வெள்ளை வெயிலில் ஒருத்தி ஓடி வந்தாள். அவள் தெரிந்தாள். தலையில் சும்மாடு, தூக்கிச் செருகிய புடவை. குப்பம்மா. இப்போதைய அஞ்சலையைவிட இளையவள்.

"அம்மா! ஓடியா! தொறந்துதான் கீது!"

கட்டை முறிந்தது.

தோளைக் கொடுத்துத் தாங்கினாள். ஷட்டர் அழுத்தியது. ஜானகிராமனைத் திட்டத் திரும்பினாள்.

இப்போது எல்லாரும் கண்ணுக்குத் தெரிந்தார்கள். ஜானகிராமன் தூரத்து மூலையில் இருந்தார். காதைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

ஷட்டரில் கைகள். வளையல் போட்ட கைகள். கல் உடைத்துக் காய்த்த கைகள். அம்மா செத்த அன்று அவளுக்குச் சோறு ஊட்டிய கை. எல்லாக் கைகளும். கீழே இழுத்தன.

"த்தூ!" என்றாள். இத்தனை வருடமும் ஒரே ஆளையா வைதோம்?

குனிந்தாள். உள்ளே போகவில்லை. வெளியே புகுந்தாள். பின்னால் ஷட்டர் தரையில் மோதியது.

அம்மா தகரத்தைத் தட்டக் கை ஓங்கினாள். அஞ்சலை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சுட்டது.

"தட்டாதம்மா. அவுங்க கையில போயி கெஞ்சாத. நான் கீறேன்."

இருவரும் திரும்பி நின்றார்கள். வெடிச் சத்தமே இல்லை. எதிர் அடுக்குமாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே, பள்ளத்துக்கு மேலே, வானம் முழுக்கக் கற்கள். ஆட்டுக்குட்டி அளவில். அலமாரி அளவில். உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்றன.

அஞ்சலை தலையைக் குனியவில்லை.

கற்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன.