மலைப்பாதைக்கு ஒரு ஏலக்காய் மாலை

"ரெட்டைதான் போடணும்!" என்றார் அப்பா சிவக்குமார்.

"ஒத்தையே போதும்!" என்றார் அம்மா கற்பகம்.

தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது. யாருக்கும் சாப்பிடத் தோன்றவில்லை, ஆறு வயது இனியவனைத் தவிர. அவன் எல்லோர் தட்டிலிருந்தும் ஒவ்வொரு இட்லியாக எடுத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.

சண்டை சொத்துக்காக இல்லை. சைக்கிளுக்காக.

அருள்மொழியின் அக்கா பானுப்பிரியாவிடம் ஒரு கிராவல் சைக்கிள் இருந்தது. தார் ரோட்டிலும் பறக்கும், கல்லும் மண்ணுமான பாதையிலும் ஓடும். வருகிற ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டில் பந்தயம். ஏலத்தோட்டங்களுக்குள் ஏறி இறங்கிச் சுற்றி வரும் பதினான்கு கிலோமீட்டர் மண்பாதை. கடைசியில் மட்டும் கொஞ்ச தூரம் தார் ரோடு. முதல் ஐந்து இடத்துக்குள் வந்தால் மாவட்ட அணியில் சேரலாம். அடுத்த ஆண்டு அக்காவுக்கு வயது தாண்டிவிடும். இதை விட்டால் வேறு வாய்ப்பே கிடையாது.

நேரம் பார்த்தாற்போல் சைக்கிளின் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. பெடலோடு சேர்ந்து சுற்றுமே, பல் பல்லாக, அதுதான். அதன் மேல்தான் செயின் ஓடும். புதிதாக மாட்ட வேண்டும். ஒன்று மாட்டுவதா, சின்னதும் பெரியதுமாக இரண்டு மாட்டுவதா? இதுதான் கேள்வி.

"என் ஜீப்பைப் பாருங்க," என்றார் அப்பா. அவர் தினமும் காலையில் தோட்டத் தொழிலாளர்களை மலைக்கு ஏற்றிச் செல்பவர். "சாதாரண ரோட்டுக்கு ஒரு கியர்க் கம்பி. சேத்து மேட்டுல ஏற இன்னொரு கம்பி. ரெண்டு இருக்கறதாலதான் மலை ஏறுது. சைக்கிளும் அப்படித்தான். மேட்டுக்குச் சின்னது, ஓட்டத்துக்குப் பெருசு."

"ஒன்னு இருந்தா ஒரு ரோதனை. ரெண்டு இருந்தா ரெண்டு ரோதனை," என்றார் அம்மா. சொல்லும்போது ஏனோ பிள்ளைகளைத்தான் பார்த்தார்.

அக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கும் நாளான்னைக்கும் எனக்குக் காலேஜ்ல பரீட்சை. புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள சைக்கிள் கடைக் காசிமாயன் அண்ணன்கிட்டச் சொல்லியாகணும். அப்பத்தான் கோயம்புத்தூர்ல இருந்து பார்சல் வரும். இந்தப் பாதைய நான் பாத்ததுகூட இல்ல."

பிறகு தங்கையைப் பார்த்தாள். "அருளு, உனக்குக் காலாண்டு லீவுதானே? அப்பா ஜீப்பு அந்தப் பாதையிலதான் போகுது. நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்றியா? நீ எதைச் சொல்றியோ அதையே மாட்டிக்கிறேன்."

அருள்மொழிக்குப் பதினொரு வயது. அந்த வீட்டில் அவளிடம் இதுவரை கேட்கப்பட்ட பெரிய கேள்வி, "பல்லு வெளக்குனியா?" என்பதுதான். அவள் மனசு துள்ளிக் குதித்தது.

"போறேன்க்கா!" என்றாள்.

அவள் முதலில் எடுத்து வைத்தது நோட்டும் பேனாவும். அதைப் பார்த்து அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏ ஆத்தா, எஸ்டேட் ரோட்டுல ஜீப்புக்குள்ள உக்காந்து எழுதப் போறியா? கோழி கிண்டுன மாதிரி இருக்கும்."

அருள்மொழி யோசித்தாள். அம்மா ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறவர். சல்லடை வைத்து, பெரிய காய், நடுத்தரக் காய், சின்னக் காய் என்று மூன்றாகக் குவிப்பார். அருள்மொழிக்கும் காயைத் தொட்டதுமே அளவு தெரியும். கண்ணைக்கூடத் திறக்க வேண்டாம். வீட்டு டப்பாவில் இருந்த காய்களை மூன்று தினுசாகப் பிரித்து மூன்று சட்டைப்பைகளில் நிரப்பிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே ஜீப் கிளம்பியது. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, தோட்டத்து மண்பாதையில் இறங்கியதும் ஆட்டம் ஆரம்பமானது. பின்னால் இருந்த பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து சிரித்தார்கள். அருள்மொழி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குத் தலைக்கு மேல் சோலி இருந்தது.

மூச்சு வாங்குகிற மேடு வந்தால் பெரிய காய். சுமாரான மேடு என்றால் நடுத்தரக் காய். சமதளமோ இறக்கமோ என்றால் சின்னக் காய். ஒவ்வொன்றாக மடியில் இருந்த துணிப்பைக்குள் போட்டுக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலம் பையைக் காசிமாயன் அண்ணன் கடைக்கே கொண்டு போனாள். இனியவனும் ஒட்டிக்கொண்டான். காசிமாயனுக்குச் சைக்கிள் என்றால் உயிர். கிரீஸ் கையோடுதான் டீ குடிப்பார். பழைய காலண்டர் அட்டை மேல் அருள்மொழி காய்களைக் கொட்டி மூன்று குவியலாகப் பிரித்தாள்.

"பெருசு இருபத்தொன்பது, நடு பத்து, சிறுசு இருபத்தெட்டு," என்று எண்ணியவள் நிறுத்தினாள். "ஜீப்புல எண்ணுனப்பப் பெருசு முப்பத்தொன்னு இருந்துச்சே?"

இனியவன் வாயிலிருந்து கமகமவென்று வாசம் வந்தது.

"அண்ணே! இவன் ரெண்டு மேட்டைத் தின்னுட்டான்!"

காசிமாயன் சிரித்து முடிக்க நேரமானது. பிறகு பெரிய குவியலைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "முப்பத்தோரு மேடா? பானுவுக்கு முழி பிதுங்கிருமே. சந்தேகமே வேண்டாம் பாப்பா. ரெட்டைதான். மேடு வந்தா சின்னதுக்கு மாத்தி அலுங்காம ஏறிக்கலாம். இப்பவே கோயம்புத்தூருக்கு போனைப் போடுறேன்."

அவர் போனைக் கையில் எடுத்துவிட்டார். அருள்மொழிக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. ஜீப்பில் அவள் உடம்பு எப்படிக் குலுங்கியது? மேலே, கீழே, மேலே, கீழே. பெரிய காய்கள் எல்லாம் ஒரே இடத்தில் வரவில்லையே.

"அண்ணே, நில்லுங்க! ஒரு மேட்டுக்கு அடுத்தாப்புல என்ன வருதுன்னு இதுல தெரியலையே?"

"தெரியாதுதான். எல்லாத்தையும் குவிச்சுட்டியே."

அவளுக்கு அழுகை முட்டியது. காயைத் தரம் பிரிக்கிற வீட்டுப் பிள்ளை, பாதையையும் தரம் பிரித்துக் குவித்துவிட்டாள். ஏலக்காயைக் குவிக்கலாம். பாதையைக் குவித்தால் அது பாதையாகவா இருக்கும்?

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுங்கண்ணே. மறுபடி போயிட்டு வர்றேன்."

"பன்னெண்டு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் கோயம்புத்தூர்ல பார்சல் வண்டி போயிரும்," என்றார் காசிமாயன்.

புதன்கிழமை ஜீப்பில் அவள் பக்கத்தில் இருளம்மாள் அக்கா உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் காய் எடுக்கிறவர். ஜீப் எப்படிக் குதித்தாலும் அவர் விரல்கள் நிற்கவில்லை. மடியில் மல்லிகைப் பூவைப் போட்டு, வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே கட்டிக்கொண்டிருந்தார். ஊசியும் இல்லை, ஒன்றும் இல்லை. இங்கே வேலைக்குப் போகிற பெண்கள் பாதிப் பேர் இப்படித்தான் ஜீப்பிலேயே பூக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இறங்குவார்கள்.

அருள்மொழிக்கு உள்ளே பளிச்சென்று விளக்கு எரிந்தது.

"இருளம்மாக்கா, நான் காய் எடுத்துத் தர்றேன். பூக் கட்டுற மாதிரியே அதை வரிசையாக் கட்டித் தர்றீங்களா? ஒன்னுகூட இடம் மாறக் கூடாது."

"ஏலக்காய் மாலையா? யாருக்குத்தா, சாமிக்கா?"

"சைக்கிளுக்குக்கா!"

இருளம்மாள் மூக்கில் விரலை வைத்தார். ஆனால் பூவை ஓரமாக வைத்துவிட்டு நூலை எடுத்துக்கொண்டார். "கொண்டா, கொண்டா. வெரசாக் கொடு."

பெரிய காய். சின்னக் காய். பெரிய காய். நடு. சின்னக் காய். மற்ற பெண்களுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. "இது பெரிய மேடுத்தா, நேத்து என் இடுப்பே கழண்டுச்சு!" என்று ஒருவர் சாட்சி சொன்னார். "இப்பப் பள்ளம் வருது, சிறுசை எடு!" என்று இன்னொருவர் முன்கூட்டியே கத்தினார். இருளம்மாள் விரல்கள் பறந்தன. அவர் இறங்க வேண்டிய தோட்டம் பாதை முடிகிற இடத்தில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. இறங்கும்போது நீளமான மாலையை அருள்மொழி கழுத்தில் இரண்டு சுற்றாகப் போட்டுவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் சோதனை காத்திருந்தது. ஒன்பதாவது வளைவில் ஒரு லாரி மூச்சை நிறுத்திவிட்டு நடுரோட்டில் நின்றது. மேலேயும் கீழேயும் வண்டிகள். அருள்மொழி அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் லாரியைப் பார்ப்பதுமாக இருந்தாள். பத்தே கால். பத்தே முக்கால். ஒரு வழியாக லாரியை ஓரம் தள்ளினார்கள். அப்பா ஜீப்பை விரட்டினார். கடை வாசலில் அவள் குதித்தபோது மணி பதினொன்றரை. இனியவன் அங்கே முன்னமே வந்து உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, இங்க ரெட்டைப் பல்சக்கரம் மாட்டுன சைக்கிள் இருக்கா?"

"ஒரு பழசு இருக்கு. எதுக்கு?"

"அதை ஸ்டாண்டுல தூக்கி மாட்டுங்க. இந்தப் பாதைய இங்கேயே ஓட்டிப் பாப்போம்!"

அப்பா சைக்கிளில் ஏறி மிதித்தார். மேடேறுவது போலக் கால் கனக்க வேண்டுமே? அதற்குக் காசிமாயன் ஒரு கையால் பின் பிரேக்கை அழுத்திக்கொண்டார். மறு கை கியரில். மாலையைப் படித்துச் சொல்லும் வேலை இனியவனுக்கு. தின்னக் கூடாது என்று அம்மா மேல் சத்தியம் வாங்கிய பிறகுதான் மாலை அவன் கைக்குப் போனது.

"பெருசு!" என்று கத்தினான் இனியவன்.

மேடு என்பதால் சின்னப் பல்சக்கரத்துக்குச் செயின் தாவியது. கடக்!

"சிறுசு!"

பெரிய பல்சக்கரத்துக்கு ஏறியது. கடக்!

"பெருசு! நடு! சிறுசு! பெருசு! சிறுசு!"

அப்பாவுக்கு வியர்த்து வழிந்தது. "மெதுவாச் சொல்லுடா!" என்று கெஞ்சினார்.

"பாதை மெதுவா வராதுப்பா," என்றாள் அருள்மொழி.

"பெருசு!"

கரகரவென்று ஒரு சத்தம். செயின் தொப்பென்று பல்சக்கரத்தை விட்டுக் கீழே விழுந்தது. அப்பாவின் கால்கள் காற்றில் சுற்றின. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவரும் விழுந்திருப்பார்.

காசிமாயன் கீழே தொங்கிய செயினைப் பார்த்தார். "அழுத்தி மிதிக்கும்போதே மாத்த வேண்டியிருக்கு. ஒரே நீளமான மேடா இருந்தா ஒரு தடவை மாத்துனாப் போதும். இது நிமிஷத்துக்கு நாலு தடவை. அதுவும் அங்க சேறு வேற."

"இப்பச் சின்னதுல மட்டும் செயினைப் போட்டுப் பாருங்கண்ணே. மீதி மாலைக்குப் பின் சக்கரத்துக் கியரை மட்டும் மாத்துங்க."

போட்டார்கள். இனியவன் கத்தினான். அப்பா மிதித்தார். காய்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. மாலை முடிந்தது. செயின் விழவே இல்லை.

"ஒத்தை!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மூன்றாவது குரல் அப்பாவுடையது. அவருக்கு மூச்சு வாங்கியதால் கொஞ்சம் தாமதமாக வந்தது.

காசிமாயன் விரலை உயர்த்தினார். "ஒன்னு சொல்லிடுறேன் பாப்பா. மேடேறுறதுக்காக முன்னாடி சின்னதாத்தான் மாட்டணும். பின்னாடி சோத்துத் தட்டு மாதிரி ஒரு பெரிய பல்சக்கரம் போட்டுருவேன், எந்த மேடும் ஏறும். ஆனா கடைசித் தார் ரோட்டுல ரெட்டைக்காரங்க அளவுக்கு வேகம் வராது. அங்க ரெண்டு பேராச்சும் அக்காவை முந்துவாங்க. சரியா?"

அருள்மொழி மாலையின் கடைசி முனையைப் பிடித்துப் பார்த்தாள். தார் ரோட்டுக்கு ஒரே ஒரு சின்னக் காய். அதற்கு முன்னால் அறுபத்தெட்டு காய்கள்.

அக்காவின் பந்தயம் முழுக்க இப்போது அவள் வாயில் இருந்தது. "சரிண்ணே. ஒத்தையே சொல்லுங்க," என்றாள்.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை போடிமெட்டில் சாரல் அடித்தது. மண்பாதை முடிந்து தார் ரோடு தொடங்குகிற இடத்தில் குடும்பமே நனைந்துகொண்டு நின்றது. மண்பாதைப் பக்கம் பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அருள்மொழி நகத்தைக் கடித்துத் தீர்த்துவிட்டாள். பயம் ஒரு பக்கம், ஆவல் ஒரு பக்கம்.

முதல் சைக்கிள் வந்தது. அக்கா இல்லை.

இரண்டாவது சைக்கிள். தலை முதல் கால் வரை சேறு. கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண் யாருடையது என்று அருள்மொழிக்குத் தெரியாதா?

"அக்கா! அக்கா! மிதிக்கா!"

அப்பா விசிலடித்தார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூடவே ஓடினார். தார் ரோட்டில் அக்காவின் கால்கள் மின்விசிறியாகச் சுற்றின. ஆனாலும் காசிமாயன் சொன்னது நடந்தது. பின்னாலிருந்து ஒருத்தி சர்ரென்று முந்தினாள். மூன்றாவது இடம். இன்னொருத்தி முந்தினாள். நான்காவது. ஐந்தாவதாக இன்னொரு சைக்கிளும் துரத்திக்கொண்டு வந்தது. ஆறாவது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது.

அருள்மொழி கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டம் ஓவென்று கத்தியது.

கண்ணைத் திறந்தபோது அக்கா கோட்டைத் தாண்டி நின்றிருந்தாள். நான்காவது இடம்!

கொஞ்ச நேரம் கழித்து மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். சிலர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கையெல்லாம் கழன்ற செயினை மாட்டிய கறுப்பு. அருள்மொழி தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுபோய் அவர்கள் கையில் ஊற்றிவிட்டாள்.

கூடாரத்தில் மாவட்ட அணிக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் தலையைத் தூக்காமலே கேள்வி கேட்டு எழுதினார்.

"பேரு?"

"பானுப்பிரியா."

"பயிற்சியாளர் பேரு?"

அக்கா சேற்றுக் கையால் தங்கையைத் தன் பக்கம் இழுத்து நிறுத்தினாள். "அருள்மொழி."

"எங்க வேலை பாக்குறாங்க?"

"ஆறாம் வகுப்பு, 'ஆ' பிரிவு."

பேனா நின்றது. அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். அருள்மொழி ஈரத் தலைமுடியை அவசரமாகக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு விறைப்பாக நின்றாள். அவர் அவளை ஒரு முறை பார்த்தார், சேறு வழியும் அக்காவை ஒரு முறை பார்த்தார். பிறகு மறுபேச்சு பேசாமல், பெரிய எழுத்தில், அப்படியே எழுதிக்கொண்டார்.